பேயும் ஃபேயும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

கடந்த இரண்டு தவணையாக, பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து விடியக் காலையில் புறப்படும் பஸ்ஸில், சாரதிக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், மூன்று டீச்சர்மார் குனிந்த தலை நிமிராமல் போவதைப் பார்த்தவர்கள் நாங்கள் ஏதோ ஓதிக்கொண்டு போகிறோம் என்று நினைத்திருப்பீர்கள். சில நாள் ஓதியதும் உண்டு. மற்ற நாட்களில் நாங்கள் சூனியக்காரிகளோடு இருந்தோம்.

நாங்கள் மூவர். ஒருவர் ஆங்கிலம், ஒருவர் தமிழ், ஒருவர் கணிதம். மூவருக்கும் வீடு பதுளை டவுனில். படிப்பிப்பது பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். இந்தப் பதிவு எங்களில் ஒருவரின் பக்கத்தில் வந்தாலும் மூவரும் வாசித்துத் திருத்திய பிறகுதான் போடுகிறோம். கணித டீச்சர் இரண்டு வசனத்தை வெட்டிவிட்டார். அவை எவை என்று கேட்க வேண்டாம்.

ஆங்கில டீச்சரின் மகள் கொழும்பில் படிக்கிறாள். முதலாம் தவணை விடுமுறைக்கு வந்தவள் ஒரு புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். ‘த்ரோன் ஒஃப் க்ளாஸ்’, கண்ணாடிச் சிம்மாசனம். எழுதியவர் சாரா ஜே. மாஸ் என்ற அமெரிக்கப் பெண். முதல் பாகம் 2012இல் வந்தது, ஏழாவது பாகம் 2018இல். அட்டையில் வாளோடு ஒரு பெண். பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்களே என்று பழைய தினகரன் பத்திரிகையால் கவர் போட்டுக்கொண்டு வந்தார். வெளியே மரண அறிவித்தல், உள்ளே மாயக் கதை.

எங்கள் மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் நாவல் வாசிக்கும் அளவுக்குப் பழக்கம் இல்லை. ஆகவே அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார், நாங்கள் கேட்போம். முதல் நாளே தகராறு.

“இதில் ஃபே என்று ஒரு இனம் வருகிறது.”

“பேயா?”

“பேய் இல்லை. ஃபே.”

“அதைத்தானே நானும் கேட்கிறேன்.”

“மனிசர் மாதிரித்தான். காது கூராக இருக்கும். நூற்றுக்கணக்கான வருஷம் வாழ்வார்கள். நல்ல வடிவு. கோபம் வந்தால் பயங்கரம்.”

முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். “காலங்காத்தால அதுகளப் பத்திப் பேசாதீங்க டீச்சர். இந்த ரோட்டு நல்லதில்ல” என்றார். அதன் பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டோம்.

கதை இதுதான். செலீனா என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண். கொலை செய்வதைத் தொழிலாகப் பழகியவள். பிடிபட்டு ஒரு உப்புச் சுரங்கத்தில் அடிமையாகக் கிடக்கிறாள். நாட்டின் இளவரசன் வந்து அவளை வெளியே எடுக்கிறான். அரண்மனையில் ஒரு போட்டி. வென்றால் சில வருஷம் மன்னனுக்கு வேலை செய்துவிட்டு விடுதலையாகலாம். தோற்றால் மறுபடியும் சுரங்கம். அந்த நாட்டில் மன்னன் மாயத்தைத் தடை செய்து வைத்திருக்கிறான். அவள் உண்மையில் யார், அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்பது ஒரு பெரிய ரகசியம். எங்களுக்கு அவளை முதலில் பிடித்தது வாளுக்காக அல்ல. அத்தனை அடி உதை பட்டு அரண்மனைக்கு வந்தவள் நூலகத்தைக் கண்டதும் சொக்கிப்போகிறாளே, அதற்காகத்தான்.

மூன்றாவது பாகத்தில் ரோவன் என்ற ஃபே இளவரசன் வருகிறான். நினைத்தால் பருந்தாக மாறிப் பறப்பவன். முதலில் அவளைக் கண்டாலே சிடுசிடுப்பு. பிறகு மெல்ல மெல்ல மனம் மாறுகிறது. எங்கள் வீட்டு ரோவன்மாரிடமும் சிடுசிடுப்பு இருக்கிறது, பருந்தாகத்தான் மாறக் காணோம். பின்னேரம் சோபாவில் சாய்ந்தால் மஃரிப் வரைக்கும் எழும்புவதும் இல்லை. (இந்த வசனத்தையும் கணித டீச்சர் வெட்டப் பார்த்தார். தோற்றுப்போனார்.)

அதே பாகத்தில்தான் மனோன் வருகிறாள். சூனியக்காரிக் குலத்தின் வாரிசு. இரும்புப் பல், இரும்பு நகம். இரக்கம் என்பதே கூடாது என்று பாட்டி வளர்த்த பிள்ளை. அவளுடைய படையில் அவளையும் சேர்த்துப் பதின்மூன்று பெண்கள். பறக்கும் பெரிய மிருகங்களில் ஏறிப் போர் செய்வார்கள். எல்லாரும் பலசாலி மிருகமாகத் தேடும்போது, மற்ற மிருகங்கள் அடித்துப் பழகுவதற்காகச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த, உடம்பெல்லாம் தழும்பு நிறைந்த ஒன்றை இவள் எடுக்கிறாள். அதன் பெயர் அப்ராக்ஸோஸ். அதற்குப் பூ மணப்பதென்றால் உயிர். அந்த இடம் வந்த அன்றைக்கு பஸ் பள்ளிக்கூடச் சந்தியைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஹோல்டில் இறங்கி மழையில் நடந்து வந்தோம். மூவருக்கும் சிவப்புக் கோடு.

காதல் காட்சி வந்தால் ஆங்கில டீச்சருக்கு இருமல் வரும். இருமினால் நாங்கள் விளங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்போம். ஒரு வெள்ளிக்கிழமை தமிழ் டீச்சர், “கவரைக் கழற்றி வேறு போட்டுக்கொண்டு வருகிறேன்” என்று சொல்லிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனார். திங்கட்கிழமை பழைய கவரோடேயே கொண்டு வந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

எங்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று யோசித்தோம். காலை நாலரைக்கு எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பஸ் பிடித்து, படிப்பித்து, படிவங்கள் நிரப்பி, திரும்பி வந்து மறுபடியும் சமைக்கும் ஒரு நாளில், யாருக்கும் பிரயோசனம் இல்லாத ஒரு மணித்தியாலம் எங்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் யாருக்கும் டீச்சரும் இல்லை, உம்மாவும் இல்லை.

வீட்டில் கேள்வி வராமல் இல்லை. சூனியக் கதை வாசிக்கலாமா என்று ஒரு உறவினர் கேட்டார். ஜின்னைப் பற்றி நாங்கள் நம்புவது வேறு, ஒரு கதைக்காரி கட்டிய சூனியக்காரி வேறு. மனோனை நாங்கள் நம்பவில்லை. அவள்மீது பிரியம் வைத்தோம், அவ்வளவுதான். சிறு வயதில் உம்மும்மா மடியில் படுத்துக்கொண்டு தமீம் அன்சாரியை ஜின் தூக்கிக்கொண்டு போன கதையைக் கேட்டு அழுதவர்கள்தானே நாங்கள். வருஷக்கணக்கில் ஜின்களின் நாட்டில் அலைந்துவிட்டு அவர் திரும்பி வரும்போது மனைவிக்கு வேறு கல்யாணம் பேசி முடித்திருப்பார்கள். அந்த இடத்தில் உம்மும்மா வெற்றிலை போடுவதற்காகக் கதையை நிறுத்துவார். அந்த நிறுத்தம் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. தன்னைச் சண்டையில் வென்றவனைத்தான் கட்டுவேன் என்று நின்ற சைத்தூனின் கிஸ்ஸாவையும் அவர்தான் சொன்னார். வாள் பிடித்த பெண் எங்கள் வீடுகளுக்குப் புதியவள் அல்ல.

இதுவரைக்கும் சிரிப்புக் கதை. இனித்தான் எழுத வந்த விஷயம்.

இரண்டாம் தவணையில் ஒரு நாள், பதினோராம் தரத்தில் கணிதப் பாடவேளை. கடைசி வரிசையில் ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. சீ.ஆர். கொப்பி. முன்பக்கத்தில் கணக்கு, கொப்பியைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து நெருக்கி நெருக்கி எழுதிய ஒரு கதை. முதல் பக்கத்தில் ‘காதல்’ என்ற சொல் கண்ணில் பட்டது. அதற்குமேல் வாசிக்கவில்லை. கொப்பியைப் பறித்தோம். வகுப்பின் முன்னால் நிற்க வைத்து, சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டோம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம்.

பறித்தது ஒருவர். ஆனால் ஓய்வறையில் மற்ற இருவரும் “நல்லது செய்தீர்கள்” என்றுதான் சொன்னோம். ஆகவே பறித்தோம் என்றே எழுதுகிறோம்.

அடுத்த நாள் அம்மா வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கு இன்னும் ஈரம். நேரத்தோடு திரும்பாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். நாங்கள் சொன்னதைத் தலை குனிந்து கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ராவெல்லாம் போன் வெளிச்சத்துல என்னமோ எழுதுதுங்க டீச்சர். தனியாச் சிரிக்குது. முனி அடிச்சிருக்கும்னு எங்க மாமியார் சொன்னாங்க. கோடாங்கியக் கூப்பிட்டுப் பாத்தோம். துன்னூறு போட்டாங்க. இப்ப நீங்க காதல் கதைன்னு சொல்றீங்க. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பள்ளிக்கொடம் போதும்னு சொல்லிருவாரு.”

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்தக் கிழமை முழுக்க இல்லை.

கொப்பி எங்கள் கைப்பையில் கிடந்தது. வியாழக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் ஆங்கில டீச்சருக்குத் தொண்டை சரியில்லை. மனோன் இல்லை. சும்மா இருக்கும் நேரத்துக்கு அதையாவது பார்ப்போம் என்று திறந்தோம். கணித டீச்சர் மெல்லிய குரலில் வாசித்தார்.

ஒரு தோட்டம். அங்கே மூடிப்போன ஒரு தேயிலை ஃபெக்டரி. ஒரு காலத்தில் தண்ணீரில் சுற்றிய பெரிய ரோதை அதற்குள் துருப்பிடித்து நிற்கிறது. ரோதைக்குக் காவல் ரோதைமுனி. ஃபெக்டரி ஓடிய காலத்தில் படையல் கிடைத்தது. மூடிய பிறகு யாரும் வருவதில்லை. முனிக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. முனிக்கு ஒரு மகன். பகலில் பனிமூட்டமாகத் தேயிலை நிரைகளுக்கு நடுவே அலைவான். ஒரு நாள் பீலிக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காண்கிறான். பேச ஆசை. ஆனால் பிறந்ததிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்ட பேச்சைத் தவிர அவனுக்கு வேறு பேச்சுத் தெரியாது. ஆகவே அவளிடம் அவன் கேட்கும் முதல் கேள்வி: “இன்னைக்கு எத்தனை கிலோ?”

நாங்கள் சிரித்த சிரிப்பில் நடத்துனர் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்கும் அவனைப் பிடித்துப் போகிறது. அவன் மனிசனாக வேண்டும் என்றால் ஒரு வழிதான். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவிடம் போக வேண்டும். பகலில் ஆயா, இரவில் சூனியக்காரி. தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் முதல் அழுகையையும் போத்தலில் அடைத்து வைத்திருப்பவள். ஆயா சொல்கிறாள்: “ஒம் பேரக் குடு. அது போதும்.” அந்தப் பெண் நினைக்கிறாள், ஒரு நாள் சம்பளம்தானே, போனால் போகட்டும் என்று. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் அதுவும்தானே. சரி, எடுத்துக்கொள் என்கிறாள்.

விடிந்து பிரட்டுக்குப் போகிறாள். கணக்குப்பிள்ளை எல்லாரையும் கூப்பிடுகிறார், அவளைக் கூப்பிடவில்லை. கூட்டாளிமார் அவளைத் தாண்டிப் பார்க்கிறார்கள். ஆயா எடுத்தது சம்பளத்தை அல்ல, அவளுடைய பெயரையே. லயத்துக்கு ஓடி வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்கிறது: “யாரு?”

அந்த இடத்தில் கொப்பி முடிந்துவிட்டது. அந்த இடத்தில்தான் நாங்கள் பறித்திருந்தோம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆங்கில டீச்சர் சொன்னார். ஃபே கதைகளில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறதாம். உன் உண்மைப் பெயரை ஃபேயிடம் சொல்லிவிடக்கூடாது, சொன்னால் நீ அவனுக்குச் சொந்தம். ஐரோப்பாவின் கிராமத்துக் கதைகளில் நூற்றாண்டுகளாக இருக்கிற விஷயம். நாங்கள் மாதக்கணக்காகக் கேட்டுவந்த நாவலின் செலீனாவும் தன் உண்மைப் பெயரை ஒளித்துக்கொண்டு திரிபவள்தான். இந்தப் பிள்ளை இது ஒன்றையும் வாசித்திருக்காது. செக்ரோலில் விழும் பேரிலிருந்து தானாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிறகு அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்களைச் சுட்டது. “சாரா மாஸ் இந்தக் கதையை எழுதத் தொடங்கியது பதினாறு வயதில். இணையத்தில் போட்டு மற்றப் பிள்ளைகள் வாசித்திருக்கிறார்கள். அப்புறம்தான் புத்தகம்.”

எங்கள் பிள்ளைக்கும் பதினாறு.

ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தொடங்கிய கதையைத் தினகரன் கவர் போட்டு ஒளித்து ரசித்துக்கொண்டே, இன்னொரு பதினாறு வயதுப் பிள்ளையின் கதையைப் பறித்து வகுப்பின் முன்னால் நிறுத்தியிருக்கிறோம். ஒன்று கொழும்பிலிருந்து வந்தது, வழவழ அட்டை. மற்றது பசறைக்கு அப்பால், சீ.ஆர். கொப்பியின் பின்பக்கம். வேறு வித்தியாசம் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தமிழ் டீச்சர்தான் அதிகம் வேதனைப்பட்டார். குறிஞ்சித் திணையை வருஷம் தவறாமல் படிப்பிப்பவர் அவர். மலையும் மலை சார்ந்த இடமும், அதற்குரிய ஒழுக்கம் காதல். மலையில் சூரரமகளிர் உண்டு, அழகும் அச்சமும் ஒன்றான தெய்வப் பெண்கள். ஃபே என்பதற்குத் தமிழ் தேடி நாங்கள் பஸ்ஸில் அடிபட்டபோது ‘அணங்கு’ என்று சொன்னவரும் அவர்தான். அந்தப் பாடல்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி வெறியாட்டு. மகள் மெலிகிறாள், தூங்குவதில்லை, தனியே சிரிக்கிறாள். தெய்வம் அணங்கிவிட்டது என்று தாய் வேலனை அழைத்து வெறியாட வைக்கிறாள். உண்மை தோழிக்கு மட்டும் தெரியும். பெண்ணைப் பிடித்திருப்பது தெய்வம் அல்ல, காதல்.

“இவ்வளவு வருஷமாக இதைப் படிப்பிக்கிறேன்” என்றார். “இந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது ஒரு கதை. அம்மா கோடாங்கியை அழைத்தார். நாங்கள் அதிபரின் புத்தகத்தில் பெயரை எழுதினோம். தோழியாக நிற்க ஒருவருமே இல்லை.”

அன்றைக்கு இரவு எங்கள் மூவருக்கும் நித்திரை இல்லை. போனில் பேசிக்கொண்டே இருந்தோம். தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன வாசிக்கக் கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்தோம். கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், பயிற்சி நூல். கதை என்று கொடுத்தால் அதுவும் அவர்களுடைய கஷ்டத்தின் கதை. அந்தக் கதைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊவாவின் மைந்தர் தெளிவத்தை ஜோசப் எழுதிய ‘மீன்கள்’ சிறுகதையை நாங்கள் மூவரும் வாசித்திருக்கிறோம். ஒரு காம்பிராவுக்குள் ஒரு குடும்பமே நெருங்கிக் கிடக்கும்போது புருஷனும் பெண்சாதியும் படும் பாட்டை அதற்குமேல் யாரும் சொல்ல முடியாது. அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வந்தது. அவை இருந்தே ஆக வேண்டிய எழுத்து. ஆனால் அந்தக் காம்பிராவுக்குள் கிடக்கும் பிள்ளைக்கு, அந்தக் காம்பிராவைத்தான் வாசிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கொழும்பில் இருக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி அரண்மனை, இந்தப் பிள்ளைக்கு மட்டும் லயமா?

உண்மையில் மாயக் கதையைத் தோட்டத்துக்கு வெளியிலிருந்து கொண்டு போகத் தேவையும் இல்லை. மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. ரதியும் மன்மதனும், சிவன் கண்ணைத் திறந்து எரிப்பதும், ரதி அழுவதும். அதைவிடப் பெரிய காதல் மாயக் கதை எது? பழைய ஆட்களுக்கு அல்லி அரசாணி தெரியும். ஆண் வாடையே ஆகாது என்று மதுரையை ஆண்டவள். கூலிக்குக் கொண்டு வரப்பட்ட சனம் ஊரிலிருந்து சாமிகளை மட்டும் கொண்டு வரவில்லை. இங்கே கண்ட இரும்புச் சக்கரத்துக்கும் ஒரு முனியை உண்டாக்கி ரோதைமுனி என்றார்கள். கவ்வாத்து வெட்டுக்கு கவ்வாத்துச்சாமி. மெஷினுக்குத் தெய்வம் கண்ட மனிசரின் பேத்திக்குக் கற்பனை வருவதில் என்ன அதிசயம்?

எங்கள் சமூகத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை நடத்தியவர். முஸ்லிம் பிள்ளைகள் படிக்க வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் பாடுபட்டவர். அப்பேர்ப்பட்ட மனிசர் எழுதியது எகிப்தில் பிறந்து, திருடப்பட்டு, இந்தியாவில் வளர்ந்த ஒரு பிள்ளையின் சாகசக் கதையை. படிப்பும் கதையும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் நினைக்கவில்லை. நாங்கள்தான் நினைத்தோம்.

சனிக்கிழமை போனோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்டப் பாதையில் முக்கால் மணித்தியால ஏற்றம். கச்சான் காற்று அடிக்கும் காலம். நமுனுகுல மலை கழுவி வைத்த மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. லயத்து வாசலில் அந்தப் பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பி உள்ளே ஓடிவிட்டது. அம்மா பதறிப்போய் வந்தார். “ஒக்காருங்க டீச்சர்” என்று கதிரையைத் துடைத்தார். அப்பா வாசற்படியில் இருந்தார், எழும்பி நின்றார், எதுவும் பேசவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தோம். அங்கே போனதும் மறந்துவிட்டது. கொப்பியை எடுத்து, “இதைப் பறித்தது எங்கள் பிழை. பிள்ளை பிழையாக எதுவும் எழுதவில்லை. நல்லா எழுதியிருக்கு. மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டுப் போக வந்தோம்” என்றோம்.

அப்பா கேட்டார். “அப்படி என்னதாங்க எழுதியிருக்கா?”

அம்மா எங்களைப் பார்த்தார். “எனக்கும் கண்ணு சரியாத் தெரியாது. நீங்களே வாசிங்க டீச்சர்.”

தமிழ் டீச்சர் வாசித்தார். பிள்ளை குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றது, பாவாடை நுனி மட்டும் தெரிந்தது. பக்கத்துக் காம்பிராவிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். “இன்னைக்கு எத்தனை கிலோ” வந்ததும் அந்த இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பேரைக் கொடுக்கும் இடம் வந்தபோது எல்லாரும் அமைதி. பிரட்டில் பேர் கூப்பிடாமல் விட்டால் என்னவாகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

“யாரு?” என்ற இடத்தில் டீச்சர் கொப்பியை மூடினார்.

அம்மா காத்திருந்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அந்தப் புள்ளைக்குப் பேரு திரும்பக் கெடச்சிச்சா?”

உள்ளேயிருந்து மிக மெல்லிய குரல். “இன்னும் எழுதலம்மா.”

“எழுது” என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, “பாவம், வெளியில நிக்கிதே” என்றார்.

அப்பா தேத்தண்ணிக்குச் சீனி வாங்கக் கடைக்குப் போனார். போகும்போது எங்கள் பக்கம் பார்க்காமல், “திங்கக்கெழம வருவாங்க டீச்சர்” என்றார். எத்தனையோ கூட்டங்களில் பெற்றோரோடு பேசியிருக்கிறோம். அன்றைக்குக் கிடைத்த பதில் மாதிரி ஒன்று எங்களுக்கு என்றும் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை பிள்ளை வந்தது. காலைக் கூட்டம் முடிந்ததும் அதிபரிடம் போய், புத்தகத்தில் நாங்கள் எழுதியதை நாங்களே வெட்டினோம். பதினோராம் தர வகுப்பில், முன்னால் நிற்க வைத்த அதே இடத்தில் நின்று, கணித டீச்சர் எங்கள் எல்லாருக்காகவும் மன்னிப்புக் கேட்டார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். கணிதப் பாடவேளையில் கணிதம்தான். கதைக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. அன்றைக்கு ஆங்கில டீச்சர் மனோன் கதை சொல்வார். இருமல் வரும் இடங்களைத் தாண்டித்தான்.

அப்ராக்ஸோஸ் பூ மணந்த கதையைக் கேட்ட ஒரு பையன், “அது எங்க வீட்டுக் கெடா மாதிரி டீச்சர்” என்றான். அந்தப் பிள்ளை மட்டும் ஒரு கேள்வி கேட்டது. “மனோனோட பாட்டி ஏன் அப்படி ஆனாங்க? அவங்க கதை எங்க இருக்கு?” எங்களிடம் பதில் இல்லை. மிச்சப் பாகங்களைத் தேடுகிறோம்.

கொப்பிக் கதை இன்னும் முடியவில்லை. பரீட்சை முடியும் வரைக்கும் எழுதமாட்டாளாம். அம்மாவுக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. அந்தப் பெண் இன்னும் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறாள். நாங்கள் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அவளுக்கு ஒரு முடிவு கட்டிப் பார்க்கிறோம், ஒன்றும் பொருந்தவில்லை. தாயிடம் ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்லாமல் தன்னை எப்படித் தெரிய வைக்கும்?

எழுத வேண்டும் என்று நினைத்தது இவ்வளவுதான். கடைசியாக ஒரு உதவி. இதை வாசிக்கும் பழைய மாணவர்கள், டீச்சர்மார், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள், உங்கள் வீட்டு அலுமாரியில் வாசித்து முடித்த தமிழ்க் கதைப் புத்தகங்கள் சும்மா கிடந்தால், பக்கத்தில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள். எங்கள் பாடசாலைக்குத்தான் என்று இல்லை, எதுவாக இருந்தாலும் சரி. மாதிரி வினாத்தாள் வேண்டாம், அது போதுமான அளவு இருக்கிறது. ராஜா, ராணி, ஜின், முனி, மோகினி, வேதாளம் எது வந்தாலும் பரவாயில்லை. காதல் இருந்தாலும் பரவாயில்லை.

கவர் போட்டு அனுப்ப வேண்டாம்.